மன்னிப்புக் கேட்காத பேண்டு மாஸ்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, குடியாத்தத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, ஷிப்டு முடிந்து குளிக்கக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து நிற்கும் தோல் டேனரித் தொழிலாளர்களே, புருஷனைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் தங்கை பூங்காவனம், எல்லோருக்கும் வணக்கம்.

பேசுவோர் பட்டியலில் என் பெயர் ஏழாவது. இருபத்திரண்டு வருடமாக இந்தச் சங்கத்தின் செயலாளர் நான். என்னை ஏழாவதாகப் போட்டிருக்கிறார்கள். இருக்கட்டும். நான் சொல்லப்போவதைக் கேட்ட பிறகு அந்த இடமும் எனக்கு அதிகம் என்பீர்கள்.

பேண்டு மாஸ்டர் காசிநாதன் போய்விட்டான். முப்பத்தாறு வயது! பத்து வருடம் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நின்ற கால்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் டிரம்பெட் ஊதிய வாய். எட்டே நாளில் மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. அவனைப் புகழ்வதற்கு இங்கே ஆறு பேர் பேசிவிட்டார்கள். நான் புகழ வரவில்லை.

எண்பத்தைந்தில் ஷூ கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குப் போகும்போது ஒரு கேசட்டை ஹபீபிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஹபீப் ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலை செய்பவன், காசிநாதனின் பேண்டு செட்டில் கிட்டார் வாசிப்பவன். அதில் இருந்த பாட்டுக்கு ஸ்கா என்று பெயராம், பங்க் என்று பெயராம். நான் எட்டாவதோடு நின்று, மீதியை நானே படித்துக்கொண்டவன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டிரம் தறிகெட்டு ஓடும். கிட்டார் விழவேண்டிய இடத்தில் விழாது, அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள சந்தில் 'சக் சக்' என்று விழும். மேலே டிரம்பெட் வெட்டும். பாடுகிறவன் பாடமாட்டான், கத்துவான். ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. என் காதுக்கு அன்றும் அது பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை. அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

காசிநாதனுக்குப் பித்துப் பிடித்தது. முதலில் அதை எங்கே வாசித்தான் தெரியுமா? என் பெரியப்பாவின் சாவு ஊர்வலத்தில்! பாடை தூக்குகிறவர்கள் டிரம் அடிக்குத்தானே காலெடுத்து வைப்பார்கள்? அடி இடம் மாறியதும் நான்கு பேருக்கும் கால் பின்னிக்கொண்டது.

"டேய் காசி, பொணம் கீழ வுழுந்துடும்டா!" என்று கத்தினேன்.

"வுழாதுண்ணே. பெரியவரு இப்பதான் கொஞ்சம் குஷியா போறாரு" என்றான்.

ஒரு மணி நேர ஊர்வலம் அன்று அரை மணியில் சுடுகாடு சேர்ந்தது.

பிறகு அவனே பாட்டுக் கட்டினான். பதினோரு பாட்டு. வேலூரில் ஒரு சின்ன அறையில் பதிவு செய்து கேசட்டாக்கினார்கள். டீக்கடையில், லாரியில், ஷூ கம்பெனி கேன்டீனில் அது ஓடியது. 'நாங்க பஸ்சுல ஏறினா மூக்கப் பொத்துற, எங்க பூட்சு போட்டா காலக் காட்டுற!' இந்த வரியை ஊரே கத்தியது. நம் உடம்பு நாற்றத்தை நாம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேனா? மேடை ஏறும் முன் சட்டையில் அத்தர் தடவுகிறவன் நான்.

எண்பத்தாறில் டேனரி வாசலில் நடந்த கேட் மீட்டிங் உங்களுக்கு நினைவிருக்கும். வெளியூரிலிருந்து சம்மேளனத் தலைவர் வந்திருந்தார். முதலாளிகளோடு பேச்சுவார்த்தைக்கு அவர் நமக்கு வேண்டியிருந்தது. மேடையில் உட்கார்ந்ததிலிருந்து கைக்குட்டையை மூக்கிலிருந்து அவர் எடுக்கவில்லை. காசிநாதன் அந்தப் பாட்டை ஆரம்பித்தான். அந்த வரி வந்தபோது டிரம்பெட்டை நேராக அவர் முகத்துக்கு நீட்டினான். கூட்டம் சிரித்தது. நான் ஓடிப்போய் மைக் வயரைப் பிடுங்கினேன்.

அது உங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

எழுத்தில் மன்னிப்பு வந்தால்தான் பேச்சுவார்த்தைக்கு வருவேன் என்றார் அந்தச் சம்மேளனத் தலைவர். கடிதத்தை நானே எழுதினேன். கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"அவரு மூக்கப் பொத்தினாரா இல்லியா? அத்த சொல்லு, அப்பால போடறேன்" என்றான் காசிநாதன்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று மாலை அவன் பெயரில் நானே கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியைச் சங்கத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினேன். ஆமாம் தோழர்களே, அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அது என் கை!

மறுநாள் வீட்டுக்கு வந்தான். "எம் பேர இன்னாத்துக்குண்ணே போட்ட? உம் பேரப் போட்டுருக்கலாமே" என்றான்.

"சங்கம் பெருசா, நீ பெருசாடா?" என்று கேட்டேன்.

"வெளிய சொன்னா சங்கம் ஒடஞ்சிடும். வுடு" என்று சொல்லிவிட்டுப் போனான். சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? "இன்னா சாரி மாஸ்டரே, இன்னிக்கி யாருகிட்ட சாரி?" என்று குழிக்கு மேலே நின்று கேட்டீர்கள். ஹபீப் ஒன்றரை வருடம் அவனோடு பேசவில்லை. செட்டு கலைந்தது. நான் அதே பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னேனா? உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

தங்கை பூங்காவனம், உன் புருஷன் யாரிடமும் தலை குனியவில்லை. உன் பிள்ளைகளிடம் அதைச் சொல். என்னை மன்னிக்கும்படி உன்னிடம் கேட்கமாட்டேன். கேட்கும் தகுதி எனக்கில்லை.

நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு முன்னால் நடந்ததை எழுதி, என் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு அந்தப் பலகையில் ஒட்டுவேன். செயலாளர் பதவியை இந்த மேடையிலேயே தலைவரிடம் ஒப்படைக்கிறேன். ஹபீபோடு மறுபடி சேர்ந்து ஆரம்பித்து அவன் பாதியில் விட்ட இரண்டாவது கேசட்டைச் சங்கத்தின் பெயரிலேயே நாம் முடிப்போம். இது நம் உறுதிமொழி. வெளியூர்த் தலைவர்கள் மூக்கைப் பிடித்தாலும் சரி, காதைப் பிடித்தாலும் சரி.

இன்று காலை ஹபீப் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றான். "அண்ணே, அந்த ரெண்டாவது கேசட்டுல உங்களத் திட்டி ஒரு பாட்டு கீது. ரொம்ப ஜாஸ்தியா திட்டிகீறான். எடுத்துடலாமா?" என்று கேட்டான். கூட்டத்தில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இப்போது எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். ஹபீப், ஒரு சொல்லைக்கூட எடுக்காதே. அதையே முதல் பாட்டாக வை.