மாப்பிள்ளையின் விமானம்

உட்காரச் சொன்னீர்கள், பெரிய உபகாரம். விமானம் நிறுத்தும் ஹேங்கர் தரையில் நின்று நின்றே தேய்ந்துபோன முழங்கால்கள் இவை.

கிழட்டு விமானத்துக்கு வைத்தியம் செய்கிறவர்கள் வேறு. அது பலித்ததா என்று பார்ப்பது என் வேலை. இறக்கைத் தகட்டில் விரிசல் விட்டால், அதன்மேல் கார்பன் இழைத் துண்டைப் பசை போட்டு ஒட்டுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் எல்லா ஒட்டும் லட்சணமாகத்தான் இருக்கும். நான் களிம்பைத் தடவி, கருவியின் முனையை அதன்மேல் நகர்த்துவேன். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய்த் திரும்பும். பசை பிடித்திருந்தால் திரையில் ஒரு மாதிரிக் கோடு, விட்டிருந்தால் வேறு மாதிரி. அவ்வளவுதான்.

என் மகள் சரக்கு விமானம் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடி கிடையாது. அவளை அதட்டிக்கூடப் பேசியதில்லை. அவள் அம்மா போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை டிவிதான். எப்போதாவது மகள் போன் செய்வாள். பின்னால் அவர் ஏதோ சொல்லுவார், இவள் சிரித்துக்கொண்டே 'அப்புறம் பேசறேம்ப்பா' என்று வைத்துவிடுவாள். பிறகு ஒருநாள், கடல் தாண்டிக் குடிபோகிறோம் என்றாள். மாப்பிள்ளை என்னையும் வற்புறுத்தித்தான் கூப்பிட்டார். பெண் கொடுத்த வீட்டில் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்க எனக்கு மனமில்லை.

அவர்கள் கிளம்புவதற்குள் அவருடைய விமானம் என் கைக்கு வந்தது. இடது இறக்கையின் அடியில் பெரிய ஒட்டு. ஓரத்திலிருந்து விரிசலின் நுனிவரைக்கும் பசை விட்டிருந்தது. துடைத்துவிட்டு இன்னொரு தரமும் பார்த்தேன். நான் அவசரக்காரன் இல்லை.

ஏணிக்குக் கீழே மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"என்ன மாமா, ஒட்டு பிடிச்சிருக்கா?"

"பார்த்துட்டேன் மாப்பிள்ளை."

"நீங்க பார்த்தா சரிதான்."

அவரிடம் நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். பார்த்தேன் என்றுதான் சொன்னேன். சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது ஆபீசுக்கு.

மலைக்கு மேலே போகும்போது இறக்கை பிய்ந்துகொண்டது. மாப்பிள்ளையோடு துணை விமானியும் போய்விட்டார். கைக்குழந்தைக்காரர் என்று பிறகு சொன்னார்கள். சரக்கு விமானத்தையும் இரண்டு பேர்தான் ஓட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் அன்றைக்கு நாள் முழுக்க நின்ற அசதி. அத்தனை அசதியில் ஒரு மனுஷன் எதையெல்லாம் யோசிப்பான்?

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தன் பழைய அறையிலேயே இருந்தாள். நேற்றுதான் வாய் திறந்தாள்.

"அப்பா, அந்த ஒட்டை நீங்கதானே பார்த்தீங்க? தெரியலையா உங்களுக்கு?"

பெற்ற பெண்ணிடம் எதை மறைப்பது? "தெரிஞ்சுதும்மா," என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அவள்தான் உங்களிடம் வந்து சொன்னாள் என்கிறார் வாசலில் நிற்கிற போலீஸ்காரர். இருக்காது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் அனுப்பினேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. வீட்டில் அவள் சாப்பிடாமல் எனக்காகக் காத்திருப்பாள்.