பாட்டரி மாற்றும் நாள்

ஒன்பது வோல்ட் பாட்டரியில் இன்னும் சத்து இருக்கிறதா என்று பார்க்க எனக்கு மீட்டர் தேவைப்படுவதில்லை. நாக்கு நுனியில் வைத்தால் போதும். புதிது என்றால் சுரீர் என்று ஏறும், தீர்ந்துபோனது என்றால் லேசாகப் புளிக்கும். கடைக்கு வருகிறவர்கள் பார்த்து முகம் சுளிப்பார்கள். முப்பது வருடமாக ஆம்ப், ஸ்பீக்கர், மைக் என்று பழுதுபார்க்கிறவனுக்கு இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நீங்கள்கூட மரத்தை முகர்ந்து பார்த்தே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவீர்களாமே, தம்பி சொல்லியிருக்கிறான்.

அதனால்தான் ஃபோனில் பேசாமல் உங்கள் பட்டறைக்கே வந்தேன். தொழில் தெரிந்தவரிடம் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. கழுத்து வளைந்திருக்கிறது, சரிசெய்து கொடுங்கள் என்று அனுப்பிய கிட்டாரின் முதுகு மூடியை ஏன் திறந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் கையால் செய்த பொருள், முழுக்க ஒருமுறை பார்க்கத்தானே தோன்றும். உள்ளே விரல்நகம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச், அதில் ஆறு நிலைகள், வெளியே அதற்குக் குமிழ் கிடையாது. இது எதற்கு என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் கிட்டார் வாங்கியவன் நான். எனக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதின்மூன்று. அவனுக்கு முதல் மூன்று கார்டுகளைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். ஆறே மாதத்தில் அவன் எனக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டான். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பெரியவனே, அதை அவன்கிட்டயே குடுத்துடு, உன் கையில அது அழுவுது" என்று சிரித்தாள். அம்மா வேடிக்கையாகச் சொன்னதுதான். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டேன்.

எனக்குக் காது உண்டு. ஒரு கம்பி மயிரிழை இறங்கியிருந்தால் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவேன். ஆனால் விரல் வராது. தம்பிக்கு விரலும் வந்தது, காதும் இருந்தது. ஒருவனுக்கே இரண்டையும் கொடுத்தது யார் கணக்கு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பொறாமை என்று நீங்கள் சொல்லலாம். பொறாமைதான். அதை மறைப்பதற்கு என்ன இருக்கிறது? "கிட்டார்காரரோட அண்ணன்" என்று என்னைக் கூப்பிடாத ஆள் அந்த ஊரில் கிடையாது. என் கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தும் அப்படித்தான் வழி சொன்னார்கள்.

அப்புறம் அவன் உங்களிடம் கிட்டார் செய்யச் சொன்னான். பதினான்கு மாதம் காத்திருந்தான். அந்தப் பதினான்கு மாதமும் என்னிடம் அதைத் தவிர வேறு பேச்சில்லை. எலக்ட்ரானிக்ஸ் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்வித்தாளை அவன் படிக்கக்கூட இல்லை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் எது, எத்தனை குமிழ், சாதாரண வயரிங்கா, பாட்டரி போட்ட சர்க்யூட்டா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருந்தீர்கள். "நீயே முடிவு பண்ணுண்ணே, உன் காதுக்கு மேல யாரு இருக்கா" என்று என் கையில் கொடுத்துவிட்டான். அதனால் உள்ளே காலியாகவே அனுப்புங்கள், நானே பொருத்திக்கொள்கிறேன் என்று உங்களுக்கு எழுதினேன்.

பெட்டி வந்த அன்று அவன் வீட்டில் எல்லோரும் இருந்தோம். அவன் மனைவி கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது, பெட்டிக்குள்ளிருந்த காகிதச் சுருளை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தம்பி கிட்டாரைத் தொடவில்லை. "அண்ணே, நீ முதல்ல எடு" என்றான். எடுத்தேன். பின்கழுத்தின் மெருகு அப்படியே உள்ளங்கையில் உட்கார்ந்தது, குறை சொல்ல முடியாத வேலை. இரண்டு கார்டு வாசித்தேன், மரக்கட்டை மாதிரி கேட்டது. பிறகு அவன் வாங்கி, ஆம்ப் இல்லாமல், சும்மா மடியில் வைத்துத் தட்டினான். குழந்தை காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

அதற்கப்புறம் உள்ளே போய்ப் பழைய கிட்டாரை எடுத்துவந்து என்னிடம் நீட்டினான். "இது இனிமே உனக்குண்ணே. வச்சுக்கோ."

அது என்னுடையது. பத்தொன்பது வயதில் நான் வாங்கியது. அவனுக்கு அது மறந்தே போயிருந்தது. நான் நினைவுபடுத்தவில்லை. "ரொம்ப சந்தோஷம்டா" என்று வாங்கிக்கொண்டேன்.

எலக்ட்ரானிக்ஸை அன்று மாலைதான் முடிவு செய்தேன். பாட்டரி போட்ட சர்க்யூட் என்று நான் சொன்னபோது நீங்களே கேட்டீர்கள், நினைவிருக்கும். "இந்த மரத்துக்கு பாட்டரி எதுக்குங்க? சும்மாவே பேசுமே" என்றீர்கள். இரைச்சல் இல்லாமல் சுத்தமாக இருக்கும் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் காரணம் வேறு. பாட்டரி இருந்தால் மாதம் ஒருமுறை மூடியைத் திறக்க வேண்டும். தம்பி திருப்புளியைக் கையில் எடுத்தால் ஒன்று திருகு தொலையும், இல்லையென்றால் விரல் கிழியும். திறக்கப்போகிறவன் நான் ஒருவன்தான்.

அந்த ஸ்விட்சின் முதல் நிலையில் ஒன்றுமில்லை, கிட்டார் தன் முழு சத்தத்தோடு பேசும். மற்ற ஐந்திலும் ஐந்து கப்பாசிட்டர்கள், ஒன்றைவிட ஒன்று பெரியது. ஒவ்வொரு நிலைக்கும் சத்தத்தின் மேல்பக்கக் கூர்மை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அதைச் சரியாக அமைக்கவே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அவ்வளவு நுட்பமாக வேறு எதையும் நான் செய்ததில்லை.

உள்ளே பென்சிலால் நீங்கள் எழுதியிருந்ததையும் பார்த்தேன். 'பதினான்கு மாதம் பொறுத்திருந்த காதுக்கு' என்று. ஸ்விட்சை அந்த வரிக்கு மேல்தான் ஒட்டினேன். வேறு இடம் இல்லை.

மாதாமாதம் பாட்டரி மாற்றும்போது ஸ்விட்சை ஒரு நிலை தள்ளிவைத்தேன். முதல் இரண்டு மாதம் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் ஆம்பில் டிரெபிளை, அந்தக் கூர்மையைக் கூட்டும் குமிழை, கொஞ்சம் ஏற்றினான். நான்காம் மாதம் இன்னும் கொஞ்சம். ஒருநாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். சின்ன வயதில் அவனுக்கு இடது காதில் சீழ் வைத்து ஆறு வாரம் பஞ்சோடு அலைந்தான். அந்தப் பயம் அவனுக்குள் எப்போதும் இருந்தது. எனக்குத் தெரியும், நான்தானே அவனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன்.

"அண்ணே, கிட்டார்ல ஏதாவது கோளாறு இருக்குமா?"

அவன் எதிரிலேயே திறந்தேன், உள்ளே இருந்த ஸ்விட்சை என் முழங்கை மறைத்திருந்தது. மீட்டரில் பாட்டரியை அளந்து முள் நிற்கும் இடத்தைக் காட்டினேன். "எனக்கு நல்லாத்தானேடா கேக்குது" என்றேன். அவன் என்னை நம்பினான். அவனுடைய குணமே அது.

அடுத்த வாரம் மேடை. அவன் வாசித்த இசைக்குழுவுக்கு சவுண்ட் பார்ப்பதும் நான்தான். அன்று காலை பாட்டரி மாற்றும்போது ஸ்விட்சை முதல் நிலைக்குத் திருப்பி வைத்தேன். அவன் வழக்கம்போல ஆம்பில் டிரெபிளை ஏற்றிவைத்துக்கொண்டு முதல் பாட்டை ஆரம்பித்தான். முன்வரிசையில் இரண்டு பேர் காதைப் பொத்தினார்கள். பாடகரை நாங்கள் ஜலதோஷம் என்று கூப்பிடுவோம், மூக்கால் பாடியே பேர் வாங்கியவர். அவர் பாட்டை நிறுத்திவிட்டு, "என்னப்பா, காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு, உனக்குக் கேக்கலையா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். சபை சிரித்தது. தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அது போதுமானதாக இருந்தது.

இப்படி ஏழெட்டு மேடைகள், ஒவ்வொன்றும் முடிந்ததும் ஸ்விட்ச் பழைய நிலைக்குப் போய்விடும். வீட்டில் மந்தமாகக் கேட்கும், மேடையில் கிழிக்கும். அடுத்தவர் கிட்டாரை வாசித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தான், அதில் நன்றாகவே கேட்டது. காதுக்கும் நல்ல நாள் கெட்ட நாள் உண்டு என்று சொன்னேன். பழைய கிட்டாரைக் கொஞ்ச நாளைக்குத் திருப்பித் தரச் சொன்னான். அதை விற்றுவிட்டேன், யாரோ வாங்கிப்போனார்கள் என்றேன். அது என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

டாக்டரிடமும் போனான். பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்தார்களாம். காகிதத்தை என்னிடம் காட்டும்போது முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் இருந்தது. "அவங்க பேச்சு கேக்குதான்னுதான் பாப்பாங்க. நம்ம வேலைக்கு அது போதுமாடா?" என்றேன். காகிதத்தை நான்காக மடித்து என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் மனைவி மட்டும் ஒருமுறை, "எனக்கும் சத்தம் அடைச்ச மாதிரிதான் மாமா கேக்குது" என்றாள். கெட்டிக்காரி. ஆனால் அவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு வருடம் தாண்டி, ஒரு மத்தியானம் அந்தக் கிட்டாரைப் பெட்டியோடு கொண்டுவந்து என் கடையில் வைத்தான். அழவில்லை. "நீ வாசிண்ணே. உனக்காவது காது இருக்கு" என்றான்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு மனிதனுக்கு வேலை வேண்டாமா? குடும்பம் இருக்கிறதே. தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் பட்டறை ஒன்றில் கண்ட்ரோல் போர்டுகளை நான் பழுதுபார்ப்பேன். முதலாளியிடம் பேசி அவனை மேற்பார்வை வேலையில் சேர்த்துவிட்டேன். தகரத்தை அடித்து வெட்டும் பன்னிரண்டு அச்சு இயந்திரங்கள் ஒரே கூரைக்குக் கீழே. உள்ளே போய் ஐந்து நிமிடம் நின்றால் பல் கூசும். எல்லோருக்கும் காதுமூடி கொடுப்பார்கள். எனக்கு உள்ளே போகும்போதே இரண்டு கையும் காதுக்குப் போய்விடும்.

முதல் நாள் அவன் காதுமூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். போட்டால் ஆட்கள் கூப்பிடுவது கேட்காது, போடவா வேண்டாமா என்று கேட்டான்.

"போட்டாதான் என்ன, போடாட்டிதான் என்ன? போனது போனதுதானே" என்றேன்.

ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனான். நாலு வருடம் அது அந்த ஆணியிலேயே தொங்கியது. மாதம் ஒருமுறை போர்டு பார்க்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்ப்பேன். தூசி படிந்திருக்கும். எடுத்துத் துடைத்து அவன் கையில் கொடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

இப்போது டாக்டர் காகிதத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். இரண்டு காதும். குழந்தைக்கு ஏழு வயதாகிறது. அப்பாவைக் கூப்பிட வேண்டும் என்றால் அவள் வாயைத் திறப்பதில்லை. கிட்டத்தில் போய்த் தரையில் காலால் ஓங்கி உதைக்கிறாள், அதிர்வில் அவன் திரும்புகிறான். அவளாகவே கண்டுபிடித்தது. "பெரியப்பா, நீயும் மிதி" என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். நானும் மிதித்துத்தான் கூப்பிடுகிறேன்.

அந்த ஸ்விட்சை உங்களுக்கு அனுப்பும் முன்பே ஏன் பிடுங்கவில்லை என்றுதானே யோசிக்கிறீர்கள். கழுத்து வேலைக்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தது ஒன்று. இன்னொன்று, பற்றவைத்தது அத்தனை சுத்தமாக இருந்தது, பிரிக்க மனம் வரவில்லை. நீங்களே பார்த்தீர்களே, ஒரு துளி ஈயம் சிந்தியிருக்கிறதா? என் வேலையை ஒருவராவது திறந்து பார்க்கட்டும் என்று எனக்குள் இருந்ததோ என்னவோ.

ஆமாம், நான்தான் செய்தேன். கிட்டாரில் ஸ்விட்சை வைத்ததும் நான், அவனைத் தகரப் பட்டறையில் சேர்த்ததும் நான். அவன் காது கெடவில்லை என்று தெரிந்துகொண்டே கெட்டுவிட்டது என்றேன், பிறகு கெடும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவன் மனைவியிடமும் சொல்லுங்கள். நான் மறுக்கப்போவதில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கழுத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துக்கொடுங்கள். இப்போது கிட்டார் முதல் நிலையில்தான் இருக்கிறது, முழு சத்தம். ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போய் வாசிக்கிறேன். எனக்கும் விரல் கொஞ்சம் வந்திருக்கிறது. நான் வாசிக்கும்போது தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உள்ளங்கையைக் கிட்டாரின் உடம்பில் பதித்து, கண்ணை மூடிக்கொள்கிறான். போன ஞாயிறு, தனக்கே கேட்காத குரலில், கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்: "இப்பதான்ணே நீ சரியா வாசிக்கிற."

சும்மா புகழ்கிறவன் இல்லை அவன். சின்ன வயதிலிருந்து ஒரு தடவைகூட என் வாசிப்பை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. இப்போது சொல்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். உங்களுக்கே தெரியும், அவன் காது தப்பு சொல்லாது.