சாரதி உறங்கப் போகட்டும்

தலைமை வகிக்கும் தோட்டத் தலைவர் சிவசுப்பிரமணியம் ஐயா அவர்களே, கணவர் அழகர் அண்ணனை இழந்து நிற்கும் பாக்கியலெட்சுமி அக்கா, அவரை வழியனுப்பக் கூடியிருக்கும் லயத்து வீடுகளின் உறவுகளே! நான் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்யும் நிஷாந்தினி. மேடையில் பேசிப் பழக்கமில்லை. குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் லொறிச் சாரதி அழகர் அண்ணன் யாருக்கு உதவவில்லை? மழைநாளில் பிரசவ வலியோடிருந்த கலாராணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் யார்? அழகர் அண்ணன்! கொழும்பு போகும் வழியில் என் பெட்டியையும் என்னையும் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டவர் யார்? அழகர் அண்ணன்!

வெளியே கட்டியிருக்கும் பதாகையில் ‘உறங்காத உழைப்பாளி’ என்று போட்டிருக்கிறோம். அன்பினால்தான் போட்டோம். ஆனால் உறங்காததனால்தான் அவர் இறந்தார். அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பேசி என்ன பயன்?

போன வாரம் நல்லம்மா அத்தை இறந்தார். மரண வீட்டில் விடிய விடியக் கண்விழிப்பது நம் வழக்கம். அண்ணனும் கரம் போர்டு விளையாடிக்கொண்டிருந்தார். நான் பிளேன்டீ கொடுத்துக்கொண்டு நின்றேன். அக்கா வந்து கூப்பிட்டார்.

“வாங்க, கொஞ்சம் படுங்க. காலைல கொழும்புக்குத் தேயில ஏத்திக்கிட்டுப் போகணுமில்ல?”

“என்னா மாப்ள, வீட்டு ஆர்டரா?” என்றார் ஒருவர்.

“அத்த தெனமுமா சாகுது?” என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தோம். எழுந்த அண்ணன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். “நீ போ புள்ள. தூங்காம ஓட்டுறது எனக்கு என்னா புதுசா?”

காலையில் லொறி புறப்பட்டது. ஹல்துமுல்லை மலை வளைவுகளில் ஒன்றும் நடக்கவில்லை. வளைவில் கையும் காலும் ஓயாமல் வேலை செய்யும். தூக்கம் ஒதுங்கி நிற்கும். மலை இறங்கி, வெயிலேறிய நேர்ப்பாதையில்தான் லொறி மரத்தில் மோதியது. வீதியில் பிரேக் பிடித்த தடமே இல்லை. எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் வந்திருந்தால்?

முகம் கழுவுவதும், வெற்றிலை போடுவதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தைச் சற்று நேரம் மறைக்கும், தீர்க்காது. கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் தூங்கிப்போகலாம். அந்த நொடிகளில் லொறியை ஓட்ட ஆளே இல்லை!

நேற்றிரவு அண்ணனின் பெட்டிக்குப் பக்கத்தில் விடிய விடிய இருந்தவர் அவருடைய நண்பர் ரஜீவ் அண்ணன். இன்று மாலை கொழும்புக்கு லொறி எடுக்க வேண்டியவரும் அவர்தான். இதோ, முன்வரிசையில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். சற்று முன் அவரைப் போய்ப் படுக்கச் சொன்னேன்.

“இன்னும் பொணம் எடுக்கலயே, எப்புடிப் புள்ள போறது? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?”

அந்த நாலு பேர் வேறு யார்? நாம்தான்!

அழகர் அண்ணன் முன்னிலையில் இன்று ஒன்றை ஏற்போம். லொறி எடுக்கப்போகும் சாரதியை இனி எந்த மரண வீட்டிலும் கண்விழிக்க விடமாட்டோம். பெரியவர்களே அவரை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். ரஜீவ் அண்ணன் எடுக்க வேண்டிய லொறியை நாளைக் காலை அனுப்பும்படி தொழிற்சாலையில் கேட்டிருக்கிறேன். தலைவர் ஐயாவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ரஜீவ் அண்ணே, பெட்டி தூக்க வேறு தோள் இருக்கிறது. அக்காவே என்னிடம் சொல்லி அனுப்பினார்: “தம்பியப் போய்ப் படுக்கச் சொல்லு. அவருதான் அன்னிக்கு நான் சொல்லிக் கேக்கல.”

எழுந்து போங்கள், அண்ணே. எல்லோரும் வழி விடுங்கள். இந்த முறை நாங்கள் யாரும் சிரிக்க மாட்டோம்.