குனிய மறுத்த கதாநாயகன்

இந்த அவையைக் கட்டி ஆளும் தலைவர் அவர்களே! தொய்வின்றித் தொடர்கள் தந்த மூத்த இயக்குநர்களே! எங்கள் கதாபாத்திரங்களுக்காகக் கண்ணீர் வடித்துக் களைத்த தாய்மார்களே! விளக்குச் சுமந்து தழும்பேறிய தோள்களே! வணங்குகிறேன்.

நான் சின்னத்திரைக்கு வசனம் எழுதுகிறவன். ஒரு தொடரில், கதாநாயகன் தண்ணீர் குடித்து, பிளாஸ்டிக் பாட்டிலைக் கசக்கி, காற்றில் எறிந்து, காலால் உதைப்பதாக எழுதினேன்.

என்ன, கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள்! அன்றும் இப்படித்தான் தட்டினார்கள். அதைப் பார்த்து ஊரெங்கும் பேருந்து நிறுத்தத்தில் உதை, பள்ளி வாசலில் உதை, மருத்துவமனைப் படியில் உதை! வீரமாம், வீரம்! வெற்றுப் பாட்டிலை வென்ற வீரம்!

ஒரு காலை, எங்கள் தெருவைப் பெருக்கும் அம்மா மூட்டையோடு என் வாசலில் நின்றார். மூட்டை நிறையக் கசங்கிய பாட்டில்கள்.

"சார், உங்க ஹீரோ உதைக்கிறாரே, அதைப் பொறுக்குறது யாரு? அந்த சீனை ஒரு நாளாவது காட்டுவீங்களா?"

வசனத்தில் வயிறு வளர்ப்பவனுக்கே வசனம் எடுத்துக் கொடுத்துவிட்டார், ஐயா!

அன்றே எழுதினேன்: உதைத்த பாட்டிலை நாயகன் குனிந்து எடுக்கிறான். மலையைப் பெயர்க்கவா சொன்னேன்? நாயக நடிகர் தாளைக் கிழித்தே போட்டார்.

"நான் குனியறதா? என் இமேஜ் என்னாகும்?"

இயக்குநர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அண்ணே, வேற யாரையாவது விட்டு எடுக்க வெச்சிரலாமே?"

"அப்போ வசனம்னு போடுற இடத்துல என் பேரை எடுத்துடுங்க தம்பி" என்றேன்.

ஆகா! இருபது அடியாட்களைச் சுழற்றி அடிக்கும் முதுகு, ஒரு பாட்டிலுக்கு வளையாதாம்! அது முதுகா, முட்டுக் கொடுத்த மூங்கிலா?

குனிவது இல்லாமலே காட்சி தொடங்கியது. வழக்கம்போல் உதைத்தார். மனைவியாக நடித்த பெண், நான் எழுதியதைப் படித்திருந்தவர், சட்டென்று அவர் வழியை மறித்தார்.

"என்னங்க, அதை எடுங்க."

நடிகர் முறைத்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"எடுங்கன்னா! நாளைக்கு நம்ம பிள்ளையும் இப்படி உதைச்சா, யாரைத் திட்டுறது?"

'கட்' சொல்ல இயக்குநர் மறந்தார். விளக்குப் பிடித்தவர்கள் மூச்சைப் பிடித்தார்கள். குனிந்தார், ஐயா! குனிந்தே விட்டார்! எடுத்தவர், எங்கே போடுவதென்று தெரியாமல் திருதிருவென விழித்தார். ஏன் தெரியுமா? எங்கள் படப்பிடிப்புத் தளத்தில் குப்பைத் தொட்டியே கிடையாது!

சிரிக்கிறீர்கள். அந்த விழிப்பையும் சேர்த்தே ஒளிபரப்பினார்கள், வீடுதோறும் கைதட்டல். எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் கிடைத்த பரிசு? அடுத்த தொடரில் வேலையில்லை! இன்று அந்த நடிகர் அதைத் தன் சொந்த யோசனை என்று பேட்டி கொடுக்கிறார். கொடுக்கட்டும்! பொய் சொல்லியாவது அவர் நல்லதைச் சொல்லட்டும்!

எழுதும் தோழர்களே, பாட்டில் இன்றி உங்கள் நாயகனுக்குத் தாகம் தணியாதா? ஒரு குவளை எழுத உங்கள் பேனாவுக்கு வலிக்கிறதா? திரையில் நீங்கள் எறிவதைத் தெருவில் ஒருத்தி சுமக்கிறாள்! குனிந்தால் குறைந்துபோவான் என்றால், அவன் நாயகன் அல்லன்; நிறுத்திவைத்த அட்டைப்படம்!

என் ஏச்சையும் பேச்சாகக் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. எழுந்து போகுமுன், இங்கே தண்ணீர் குடித்தவர்கள் அவரவர் நாற்காலிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். வணக்கம்!