காலியாக விட்ட கடைசி வரி

– ...அதுக்கப்புறம் நீட்டமா ஒண்ணு எழுதியிருக்கான். அது சும்மா மரியாதைக்கு. சாரம் இவ்வளவுதாம்மா. உன் மனு வந்து சேர்ந்துச்சு, பார்த்தோம், மாத்த முடியாது.

– இவ்வளவு பெரிய தாள்ல இது மட்டுந்தான் இருக்குதுங்களா?

– முடிவு இது மட்டுந்தான். மத்ததெல்லாம் காரணம்.

– இன்னொருக்கா படிங்க ராமப்பய்யா. ஹவில்தார்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதா பாருங்க.

– எழுதியிருக்குது. முன்னாடி ஹவில்தார், பின்னாடி சிப்பாய்னு.

– அப்போ ஹவில்தார்னு அவங்களே ஒத்துக்கறாங்க.

– குடுத்தோம், திருப்பிப் பிடுங்கிட்டோம்னு ஒத்துக்கறாங்க. இந்த மொத மனுவை எழுதினது யாரு?

– தளியில ஒரு வாத்தியாருங்க. நல்லாத்தான் எழுதினாரு. படிச்சுக் காட்டினப்போ எனக்கே அழுகை வந்துடுச்சு.

– அதான் கெட்டுப்போச்சு. பெங்களூரு பட்டாள ரிக்கார்டு ஆபீசுல அழறதுக்குன்னு ஆள் வெக்கல. சரி... உன் வூட்டுக்காரரு பேரு சொல்லு.

– தாள்ல இருக்குதுங்களே.

– தாள்ல இருக்கறது எனக்குத் தெரியாதா? நீ உன் வாயால சொல்லணும். நாளைக்கு தாசில்தார் முன்னாடி நின்னு சத்தியம் பண்றப்போ இப்படித் தலையைக் குனிஞ்சா வேலைக்கு ஆகாது.

– நாளைக்குச் சொல்லிக்கறேனுங்க.

– ம்... திம்மப்பன். பாலம் கட்டற பட்டாளம். போன வருசம் செத்தாரு. எதுல?

– கல்லு ஒடைக்கற எடத்துல. வெடி முந்திக்கிச்சு.

– பர்மாவுல வெடி வெச்ச ஆளா?

– ஆமாங்க. ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. சில பேரு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

– இப்போ உனக்கு என்ன வேணும்? பென்சனா?

– பென்சன் வேண்டாங்க. கல்லுல அவரு பேரு வரணும்.

– எந்தக் கல்லு?

– எங்க ஊர்ல, ஜவளகிரிக்கு இந்தப் பக்கம், புதுசா பள்ளிக்கூடம் கட்டியிருக்காங்க. சண்டைக்குப் போனவங்க பேரை வெட்டி வாசல்ல கல்லு பதிக்கிறாங்க. ஏழு பேரு. ஆறு பேரை வெட்டியாச்சு. கடைசி வரியைக் காலியா விட்டு வெச்சிருக்காங்க.

– எதுக்குக் காலியா?

– மாசி பொறக்கறதுக்குள்ள பட்டாளத்துலேர்ந்து நல்ல தாளா ஒண்ணு வந்தா இவரு பேரு. வரலன்னா அந்த எடத்துல பூவு வெட்டச் சொல்லிடுவேன்னு மணியக்காரரு சொல்லிட்டாரு.

– பூவா?

– தாமரைப் பூ. எடம் வெறிச்சுன்னு தெரியக் கூடாதுங்களே.

– சிப்பாய்னு வெட்டினா ஆகாதா?

– சிப்பாய்னும் வெட்ட மாட்டாங்களாம். ஓடி வந்தவன் பேரு எதுக்குன்னு கேக்கறாங்க. எங்க காவேரி அந்தப் பள்ளிக்கூடத்துலதானுங்க படிக்குது. பத்து வயசு ஆகப் போகுது. எழுத்துக் கூட்டிப் படிக்கும். தினம் அந்த வாசல்லதான நுழையணும்.

– ஆக, ஓடி வந்தது நெசம்.

– ஓடி வரலீங்க. வந்தாரு.

– லீவு இல்லாம.

– லீவு இல்லாமத்தான்.

– அதைத்தாம்மா பட்டாளத்துல ஓடறதுங்கறாங்க.

– பெத்தவ செத்தா வர மாட்டாங்களா? நீங்க போக மாட்டீங்க?

– போவேன். கேட்டுட்டுப் போவேன்.

– இவரும் கேட்டாரு. குடுக்கல.

– தாய் செத்தா குடுக்கறதுதான வழக்கம். ஏன் குடுக்கல?

– அது... அந்த வெள்ளைக்கார தொரைக்கு மனசு வரல.

– அம்மா.

– என்னங்க?

– இந்த லெட்டர்ல மூணாவதா ஒரு பத்தி இருக்குது. படிக்கட்டுமா?

– வேண்டாங்க.

– என்ன இருக்குதுன்னு தெரியுமா?

– வாத்தியாரு சொன்னாரு.

– இருந்தாலும் படிச்சுடறேன். என்கிட்ட மூடி வெச்சுக்கிட்டு மனு எழுதச் சொன்னா நான் எழுத மாட்டேன். ராமப்பன் எழுதினா பொய் இருக்காதுன்னு இந்தத் தாலூகாவுல ஒரு பேரு இருக்குது. அந்தப் பேருக்காகத்தான் தாசில்தார் இந்தப் புளியமரத்தடியில என்னை உக்கார விட்டிருக்காரு. கேளு... 'மேற்படி நபரின் தாயார் 1945 ஜூனில் இறந்ததாகத் தந்தி வந்து, விடுப்பு வழங்கப்பட்டது. 1946 பிப்ரவரியில், அதே தாயார் மறுபடியும் இறந்ததாகத் தந்தி வந்தது.' சிரிக்கலாமா, வேண்டாமா?

– சிரிச்சுக்குங்க. ஊரே சிரிச்சுது. 'உனக்கு எத்தனை அம்மா'ன்னு தொரை கேட்டாராம். பக்கத்துல நின்னவங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டாங்களாம். இவரு மட்டும் அப்படியே நின்னாராம்.

– ரெண்டுல எது நெசம்?

– ரெண்டாவது.

– மொத தந்தி எந்த ஊர்ல குடுத்தது?

– இங்கதான். ஓசூர் தபாலாபீசுல.

– ...நாப்பத்தஞ்சு ஜூன்.

– ஆமாங்க.

– யாரு குடுத்தது?

– எங்க அத்தை. அவரோட அம்மா. கெம்பம்மான்னு பேரு.

– செத்தவங்களேவா?

– மகனைப் பார்க்கணும்னு ஆசைங்க. ஒரு வருசமா பார்க்கல.

– தான் செத்துட்டேன்னு தானே தந்தி குடுத்தாங்க?

– ...ஆமாங்க.

– சரி, லீவுல வந்தவரு வாசல்ல யாரைப் பார்த்தாரு?

– அத்தையைத்தான். உக்காந்து அவரைக்கா உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. இவரு மொட்டைத் தலையோட வந்து நிக்கறாரு. ஜோலார்பேட்டையில ரயிலை விட்டு எறங்கினதும் மொட்டை போட்டுக்கிட்டாராம். அத்தை நிமுந்து பார்த்துட்டு, 'ஏண்டா, திருப்பதிக்குப் போயிட்டா வர்ற'ன்னு கேட்டுச்சு.

– ஹூம். நீ சொல்றப்போ எனக்கே...

– அப்போ அவரும் சிரிச்சாருங்க. மொதல்ல அழுதாரு, அப்புறம் சிரிச்சாரு. அதுக்கப்புறந்தான் கோவம் வந்துச்சு. தந்தியை நீட்டி, இதைக் குடுத்தது யாருன்னு கத்தினாரு. 'நான்தாண்டா'ன்னு சொல்லுச்சு அத்தை. பட்டாளத்துல தெரிஞ்சா என் ஹவில்தார் பட்டையைப் பிச்செறிஞ்சிடுவாங்கன்னு குதிச்சாரு. லீவு முடிஞ்சு போறப்போவும் அத்தைகிட்ட மொகம் குடுக்கல. வாசப்படி எறங்கறப்போ ஒரு வார்த்தை சொன்னாரு.

– என்னன்னு?

– இனிமே நீ நெசமாவே செத்தாலும் வர மாட்டேன்னு.

– ம்.

– எட்டு மாசத்துல நெசமாவே போயிடுச்சு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானுங்க ஓடி... வந்தாரு. எடுத்து அஞ்சு நாள் கழிச்சு வந்தாரு. மண்ணு கூடப் போட முடியல. அந்த மேட்டுகிட்டயே உக்காந்திருந்தாரு. காரியம் முடிஞ்சதும் தானாவே போயி பட்டாளத்துல நின்னாரு. யாரும் வந்து புடிச்சுக்கிட்டுப் போகல.

– தானாப் போயி நின்னதை அந்த வாத்தியாரு எழுதலியே?

– 'விதி அழைத்தது'ன்னு என்னமோ எழுதினாருங்க.

– விதிக்கு ரிக்கார்டு ஆபீசுல ஃபைல் கிடையாது. மெடல் கதை என்ன?

– பர்மாவுல குண்டு விழறப்போ ஆத்துல நின்னு பாலத்தை முடிச்சாராம். மெடலுக்குப் பேரு எழுதிப் போயிருந்துச்சு. அதையும் நிறுத்திட்டாங்க. சட்டைக் கையில மூணு பட்டை தெச்சிருந்த எடத்துல வெறும் நூலுதான் நின்னுச்சு. அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் கல்லு ஒடைக்கப் போவாரு. வேற சட்டை போடுங்கன்னா கேக்க மாட்டாரு.

– பாரும்மா. இவர் மேல ரெண்டு குத்தம் போட்டிருக்கான். ஒண்ணு, லீவு இல்லாம வந்தது. அது பெரிசில்ல. தாய் செத்தது மணியக்காரர் சாவுக் கணக்குல இருக்கும், நகல் வாங்கிடலாம். தானாத் திரும்பிப் போனாருங்கறதும் நமக்கு நல்லது. ரெண்டாவதுதான் கழுத்தைப் புடிக்குது. பொய்த் தந்தி வரவெச்சு லீவு வாங்கினாருன்னு. பட்டை போனதும் மெடல் போனதும் அதுக்குத்தான்.

– அதை அவரு பண்ணலீங்களே.

– பண்ணினேன்னு அவரே ஒத்துக்கிட்டிருக்காரு.

– யாரு?

– உன் வூட்டுக்காரரு. நாலாவது பத்தி. 'அந்தத் தந்தியை நானே அனுப்பச் சொன்னேன், என் வீட்டார் யாருக்கும் சம்பந்தம் இல்லை'ன்னு விசாரணையில சொல்லியிருக்காரு. இதை வாத்தியாரு படிக்கலியா?

– இல்லீங்க.

– உன் வூட்டுக்காரரும் உன்கிட்டச் சொல்லல?

– ஒம்போது வருசம் ஒண்ணா இருந்தோம். சொல்லல.

– செத்த தாயைப் பொய்க்காரியாக்க மனசு வந்திருக்காது. தண்ணி குடிக்கறியா? அந்தப் பானையில இருக்குது.

– வேண்டாங்க. மேல சொல்லுங்க.

– மேல ஒரே வழிதான். அந்தத் தந்தியைக் குடுத்தவங்க வந்து, அவருக்குத் தெரியாம நான்தான் குடுத்தேன்னு சத்தியம் பண்ணணும்.

– அத்தைதான் குடுத்துச்சுன்னு எழுதிடுங்க.

– செத்தவங்க எப்படிம்மா சத்தியம் பண்ணுவாங்க? ஏற்கனவே ரெண்டு தடவை செத்த பொம்பளை. மூணாவதா எழுந்து வந்து கைநாட்டு வெச்சாங்கன்னு எழுதினா என்னையும் சேர்த்து வெளிய தள்ளுவான். கூட வந்தவங்க யாராச்சும் இருக்காங்களா? காட்டோரத்துலேர்ந்து வயசான பொம்பளை தனியா ஓசூர் வந்து, தபாலாபீசு தேடி, தந்தி குடுத்திருக்க மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லு. அவசரம் இல்ல.

– அவசரந்தானுங்க. மாசி பொறந்தா பூவு வெட்டிடுவாங்க.

– அப்போ சொல்லு.

– அத்தை... ஓசூரைப் பார்த்ததே இல்லீங்க.

– ம்.

– நான்தான் வந்தேன்.

– ம்.

– கல்யாணம் ஆயி பதினேழு நாள் கூட இருந்தாரு. அதுக்கப்புறம் ஒரு வருசம் ஆளைக் காணல. அவரு மொகமே மறந்துடும் போல இருந்துச்சுங்க. ராத்திரியில நெனைச்சு நெனைச்சுப் பார்ப்பேன், மீசை வரும், கண்ணு வராது. இதைப் போயி யாருகிட்ட சொல்றது? அத்தைக்கு லேசா காய்ச்சல் இருந்துச்சு. அதைச் சாக்கா வெச்சுக்கிட்டு, சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

– உங்க அத்தைக்குத் தெரியாதா?

– அவரு தந்தியை நீட்டினப்போதான் தெரியும். நான் கதவுக்குப் பின்னாடி நிக்கறேன். அத்தை என்னை ஒரு தடவை பார்த்துச்சு. அப்புறம் அவரைப் பார்த்து 'நான்தாண்டா'ன்னு சொல்லிட்டு அவரைக்கா உரிக்க ஆரம்பிச்சிடுச்சு. சாகற வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. என் மேல வர வேண்டிய கோவங்க அது. நான் வாயைத் திறந்திருந்தா அத்தைகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டாரு. சொல்லலன்னா ஓடி வந்திருக்க மாட்டாரு. இன்னைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னே இருந்தேன். வெடி முந்திக்கிச்சு.

– எழுதிடவா?

– எழுதினா ஊருக்குத் தெரியுங்களா?

– மணியக்காரர் கையெழுத்து வேணும். தெரியாம இருக்காது. புருசனைப் பார்க்கறதுக்காக மாமியாளைச் சாகடிச்சவள்னு பேசுவாங்க. உன் பொண்ணு காதுலயும் விழும்.

– கல்லுல அவ அப்பன் பேரு இருக்கும் இல்லீங்களா?

– இருக்கும்னு நான் சொல்ல முடியாது. பெங்களூருக்காரன் மனசு வெச்சா இருக்கும்.

– எழுதுங்க.

– உன் பேரு?

– முனிலட்சுமி.

– கணவர் பேரு?

– ...

– இப்போவாச்சும் சொல்லும்மா.

– திம்மப்பன். ஹவில்தார் திம்மப்பன்.

– நல்லது. 'மேற்படி ஹவில்தாருக்கு எதுவும் தெரியாமல், நானே ஓசூருக்கு வந்து...' இரு, மை தீர்ந்துபோச்சு. ஊத்திக்கறேன்.

– ஐயா.

– சொல்லு.

– ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் புரியலீங்க. உங்களுக்குத் தந்தி விசயம் தெரியும், அதான் கேக்கறேன். நான் அன்னைக்கு அத்தைக்கு ஒடம்பு சரியில்லன்னுதான் எழுதச் சொன்னேன். செத்துப்போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வருங்களா? கோழிக்கு சோறு வெச்சுட்டு, என் தலையைப் பின்னிவிட்டு அனுப்பிச்சுங்க அத்தை. அது எப்படிச் சாவாப் போய்ச் சேர்ந்துச்சு? கம்பியில போறப்போ மாறிடுங்களா?

– கம்பியில மாறாது.

– பின்ன எப்படிங்க?

– எழுதிக் குடுத்தவன் யாருன்னு ஞாபகம் இருக்குதா?

– நான் நிமுந்தே பார்க்கலீங்க. தபாலாபீசுக்கு எதிர்ல உக்காந்திருந்தாரு, தலைப்பா கட்டினவரு. வெள்ளைத் தலைப்பா.

– அன்னைக்கு நீ மடியில அவரைக்கா கட்டிக்கிட்டு வந்தே. பாதியை அவனுக்குக் குடுத்துட்டுப் போனே.

– ...அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– தலைப்பாவை விட்டு ஏழு வருசம் ஆகுதும்மா. சண்டை நடந்தப்போ நான் தபாலாபீசு எதிர்லதான் உக்காந்திருந்தேன். தினம் முப்பது அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு எழுதுவேன். ஒருத்தனுக்கும் லீவு வரல. நீ சின்னப் புள்ள, அழுதுக்கிட்டு நின்னே, ஆளு வந்து சேரட்டும்னு நெனைச்சேன். உன்னுது சின்னப் பொய், அதைப் பெரிசா எழுதினவன் நான். எழுதி முடிச்சதும் உன் தாள்ல நீ கைநாட்டு வை. கீழ இன்னொரு சத்தியம் எழுதறேன், அதுக்கு ராமப்பன்னு நான் கையெழுத்துப் போடறேன்.