பத்து நாள் குனியக்கூடாது

பிரவின், முடி நடுவது உனக்குச் சரிப்படுமா என்று கேட்டிருந்தாய். பிரிக்பீல்ட்ஸில் நான் போன கிளினிக்கின் பெயர் மட்டும் போதும் என்றாய். அது போதாது.

டாக்டர் முதலில் பின்மண்டையைப் பார்ப்பார். அங்கே அடர்த்தி இருந்தால்தான் எடுத்து முன்னால் நட முடியும். கொட்டுவது நிற்கவில்லை என்றால் காத்திருக்கச் சொல்வார். எனக்கு எல்லாம் பொருந்தியது.

உன் அக்கா கௌசல்யாவுக்குத்தான் விருப்பமில்லை. "சொட்டையப் பாத்துதானே கட்டிக்கிட்டேன். இப்ப யாருக்குக் காட்டப் போறீங்க? ஆபீஸ்ல புதுசா யாரும் வந்திருக்காளா லா?" என்று சிரித்தாள். ஆனாலும் கூட வந்தாள். பத்து நாள் குனியக்கூடாது, வியர்க்கக்கூடாது, நட்டது பெயர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னதை அவள்தான் போனில் குறித்துக்கொண்டாள். கிள்ளான் வீட்டில் என் செருப்பைக்கூட எடுத்துப் போட்டாள். "பத்து நாளைக்கு ராஜா மாதிரி இருங்க. பதினோராவது நாள் பாத்ரூம் கழுவணும்."

நான்காம் நாள் காலை கௌசல்யா அடுப்படியில் விழுந்தாள். மூச்சு இல்லை. ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் மலாயில் நிதானமாகச் சொன்னாள்: மண்டியிடுங்கள், இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்துங்கள், எனக்குக் கேட்கும்படி எண்ணுங்கள்.

கொள்ளி வைக்கும் முன் மொட்டை போட மறுத்தேன். பழனியப்பன் சித்தப்பா கத்தினார். "பொண்டாட்டிக்கு முடியக்கூட குடுக்க மாட்டியாடா?" நீதான் குறுக்கே நின்றாய். "மாமா கடைசி வரைக்கும் அக்கா நெஞ்ச அமுக்கிக்கிட்டு இருந்தாரு. அவர விடுங்க சித்தப்பா." எனக்குப் பதிலாக உன் தலையை மழித்துக்கொண்டாய். நீ சொன்னதை அன்றே திருத்தியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

நான் குனியவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்தபடி நேராக நின்றேன். பயத்தில் உறைந்துவிட்டேன் என்று சொல்லலாம், அப்படி இல்லை. எழுந்துகொள்வாள் என்று நினைத்தேன். இன்னும் ஆறு நாள்தானே என்றும் நினைத்தேன். சத்து, டுவா, தீகா என்று மலாயில் முப்பது வரை எண்ணினேன், மறுபடி ஒன்றிலிருந்து. "பாகுஸ், என்சிக்," நன்றாகச் செய்கிறீர்கள் ஐயா என்றாள் போனில் அந்தப் பெண். ஆம்புலன்ஸ்காரர்கள் கதவு தட்டும் சத்தம் கேட்டபிறகுதான் கௌசல்யா பக்கத்தில் மண்டியிட்டேன். அப்போதும் தலை நிமிர்ந்தே இருந்தது.

ஆனால் அவர்கள் வரும்வரை, பதினோரு நிமிடமும் எண்ணிக்கையை நான் நிறுத்தவே இல்லை.