மூட்டத்தில் ஏறிய பேய்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, பரளச்சிக்கு வெளியே ஒரு கரிமூட்டத்தில் பேய்ப்படம் ஒன்றின் கடைசிக் காட்சியை மறுபடியும் எடுத்தார்கள்.

மறுபடியும் எடுக்கச் சொன்னது நான்தான் இன்ஸ்பெக்டர் சார். அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் படத்தைப் போட்டுப் பார்த்திருந்தோம். பலம் என்றால் சத்தம். பனையோலை உரசுவதை வைத்தே மிரட்டிவிட்டார்கள். மூட்டத்துப் புகையும் செலவில்லாமல் அமைந்தது. பலவீனம், பேய்தான். சம்பளம் மிச்சமென்று இயக்குநர் ஆனந்தகுமாரே அந்த வேஷத்தைக் கட்டியிருந்தார். முதலில் தொப்பை வந்தது. ஆவி பின்னால் வந்தது.

இன்னொரு சின்னக் குறை. கதை என்னுடையது, திரையில் அவர் பெயர் இருந்தது. கேட்டேன்.

"ஏலே சௌந்தரபாண்டி, கரி யாவாரி பேரைப் போட்டா எவம்லே டிக்கெட் எடுப்பான்?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான்.

"பேயி மூட்டத்து உச்சில ஏறி நின்னா சனம் மிரண்டுரும் மாப்ள" என்றேன்.

"தாங்குமாலே?"

"லாரி லோடே தாங்கும். உன் தொப்பையைத் தாங்காதா?"

வேலிக்கருவை விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளுக்குள் கனியவிடுவதுதான் மூட்டம். எரிந்து அமுங்கிய இடத்தில் மேல்மண் மட்டும் ஓடுபோல் நிற்கும், அடியில் தணல். அங்கே யாரும் கால் வைக்காமலிருக்க இலையோடு ஒரு பச்சைக் கொப்பைக் குத்திவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூட்டம் போட்ட நல்லமுத்து உச்சியில் குத்தியிருந்தார். காட்சிக்கு இடைஞ்சலாக இருந்தது. தொரட்டியால் இழுத்துப் போட்டேன். அவர் பார்த்தால் சத்தம் போடுவாரென்று முன்னாலேயே டீ வாங்க அனுப்பியிருந்தேன்.

ஆனந்தகுமார் ஏறினார். உச்சியில் நின்று கையை விரித்தார். இடுப்புவரை உள்ளே இறங்கினார். அந்த அலறலில் நடிப்பே இல்லை. கேமராவை நிறுத்த வேண்டாமென்று கைகாட்டியதும் நான்தான்.

அடியில் தணல் இருப்பது தெரியுமா என்கிறீர்கள். கரி விற்றுச் சாப்பிடுகிறவன் சார் நான். தெரியும். கோபத்தில் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படம் நன்றாக வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமில்லை.

ஆனந்தகுமார் அன்று சாயங்காலம் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தார். படம் வெளிவரவில்லை.